வெல்லுவாங்களோ, மாமா?

1996 ஜனவரி 9, செவ்வாய்க்கிழமை. பள்ளிக்கூடம் விட்டு வந்து படியேறிக்கொண்டிருந்தேன். வெள்ளவத்தையில், கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், இரண்டாம் மாடியில் வாடகைக்கு இருந்தோம். முதல் மாடி தாண்டுவதற்குள் சின்ன மாமாவின் குரல் கேட்டது. "அடி! அடியடா அவனுக்கு!"

திடுக்கிட்டுப் போனேன். மாமா எங்களோடு வந்து இருந்து மூன்று கிழமை. அந்த மூன்று கிழமையில் அவர் உரத்துப் பேசி நான் கேட்டதில்லை. 1995 ஒக்டோபர் 30 இரவு, இராணுவம் நெருங்கி வர, யாழ்ப்பாணத்து வலிகாமமே எழுந்து நடந்தபோது அந்தச் சனத்தோடு சனமாக நாவற்குழிப் பாலம் கடந்தவர் அவர். பிறகு தென்மராட்சி, கிளிநொச்சி, வெளியேறப் புலிகளின் பாஸ், அதற்கு ஆள் பிணை, வவுனியா, கொழும்பு. கனடாவுக்கு அனுப்புவதாகச் சொன்ன ஏஜென்சிக்காரன் ஒருவனின் தொலைபேசிக்காகக் காத்திருந்தார். சாப்பிடுவார், பேப்பர் வாசிப்பார், யன்னலால் கடலைப் பார்ப்பார். வந்த வழியைப் பற்றி யாரும் கேட்டால், "நடந்து வந்தம்" என்பதோடு சரி.

அவரைக் கத்த வைத்தது ஒரு குட்டை மனிதர். மெல்பேர்னில் அவுஸ்திரேலியாவுக்கு எதிரான ஒருநாள் போட்டி. ரிக்கி பொண்டிங் என்ற 21 வயதுப் பெடியன் தன் முதல் ஒருநாள் சதத்தை அடித்து 123 எடுத்திருந்தான்; அவுஸ்திரேலியா 213. பதிலுக்கு ஆட வந்த இலங்கைக்காக ஆரம்பத்தில் இறங்கியவர் விக்கெட் காப்பாளர் ரொமேஷ் களுவிதாரண. வழக்கமாகக் கீழ்வரிசையில் வருகிறவர். 75 பந்தில் 77 அடித்தார். இலங்கை மூன்று விக்கெட்டால் வென்றது. கடைசி ஓட்டம் எடுத்தபோது மாமா கதிரையை விட்டு எழும்பி நின்றார். பிறகு ஏதோ ஞாபகம் வந்தவர்போல மெல்ல உட்கார்ந்தார்.

"வெல்லுவாங்களோ, மாமா?" என்று கேட்டேன். அடுத்த மாதம் தொடங்க இருந்த உலகக் கிண்ணத்தைத்தான் கேட்டேன்.

"ஆர்?"

"இலங்கை."

அவர் உடனே பதில் சொல்லவில்லை.

இதை இப்போது எழுதக் காரணம் என் மருமகன். 2023 உலகக் கிண்ணத்தில் வான்கடேயில் இந்தியா 357 அடித்து, இலங்கையை 55 ஓட்டங்களுக்குச் சுருட்டிய இரவு, வாட்ஸ்அப்பில் எழுதினான்: "96 மாதிரி ஒரு அதிசயம் நடந்தால்தான் உண்டு." அந்தத் தொடரில் ஒன்பது ஆட்டங்களில் இரண்டுதான் வென்றோம், ஒன்பதாம் இடம், அதனாலேயே 2025 சம்பியன்ஸ் கிண்ணத்துக்கும் போகக் கிடைக்கவில்லை. அவன் வயிற்றெரிச்சல் நியாயம். ஆனால் 'அதிசயம்' என்ற சொல்தான் எனக்குச் சரிப்படவில்லை. இலங்கை உலகக் கிண்ணம் வென்ற 96 ஐ ஆளுக்காள் அப்படித்தான் சொல்கிறார்கள். எங்கிருந்தோ வந்த அணி, யாரும் எதிர்பாராத கிண்ணம், ஜயசூரியவும் களுவிதாரணவும் கண்ணை மூடிக்கொண்டு வீசிய மட்டை. அப்படி இல்லை. அது வருகிற சத்தம் முன்கூட்டியே கேட்டது. எங்கள் வீட்டில் ஒருவருக்குக் கேட்டது.

கணக்குப் பார்த்தால் நம்பிக்கைக்கு இடமில்லைதான். 1975 முதல் 1992 வரை ஐந்து உலகக் கிண்ணங்களிலும் சேர்த்து இலங்கை வென்றது நாலே ஆட்டம். 1979 இல் டெஸ்ட் தகுதிகூட இல்லாத காலத்தில் இந்தியாவை ஒன்று, 1983 இல் நியூசிலாந்தை ஒன்று, 1992 இல் சிம்பாப்வேயையும் தென்னாபிரிக்காவையும். 1987 இல் ஆறு விளையாடி ஆறும் தோல்வி. அந்த 87 அணியில் ஸ்ரீதரன் ஜெகநாதன் என்ற தமிழர் ஒருவர் இருந்தார்; இன்று அவர் பெயரை யாருக்குச் சொன்னாலும் முழிக்கிறார்கள். உள்ளூரிலும் நிலைமை இதுதான். 1987 ஏப்ரலில் கொழும்பு பஸ் நிலையத்தில் குண்டு வெடித்து நியூசிலாந்து அணி சுற்றுப்பயணத்தைப் பாதியில் விட்டுப் போன பிறகு, 1992 ஓகஸ்ட் வரை இலங்கை மண்ணில் ஒரு டெஸ்ட்கூட நடக்கவில்லை. அரவிந்த டி சில்வா, ரணதுங்க போன்றவர்களின் நல்ல வயதில் ஐந்து வருடம் இப்படிப் போயிற்று.

பள்ளிக்கூடத்தில் நாங்கள் பேசியதெல்லாம் இந்தக் கணக்கைத்தான். அவுஸ்திரேலியா, தென்னாபிரிக்கா, இல்லாவிட்டால் சொந்த மண்ணில் ஆடும் இந்தியா, பாகிஸ்தான். என் வகுப்பில் ஒருத்தனும் இலங்கையைச் சொல்லவில்லை. சிங்களப் பெடியளும் சொல்லவில்லை.

மாமா எண்ணியது வேறு. அவர் யாழ்ப்பாணத்தில் ஓர் உள்ளூர்க் கழகத்துக்கு விளையாடியவர், ஓஃப் ஸ்பின்னர். இரண்டு பள்ளிக்கூடங்களுக்கிடையில் 1904 முதல் நடந்துவருகிற 'வடக்கின் பெரும் போர்' ஆட்டம், கோட்டைக்குப் பக்கத்தில் மத்திய கல்லூரி மைதானம், அங்கே காற்று எந்தப் பக்கத்தால் வரும், எந்த முனையில் பந்து நிற்கும் — அன்று மாலை தொடங்கி இதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. கிரிக்கெட் பேசும்போது மட்டும் அவருக்கு வாய் திறந்தது. கேட்கும் ஆள் நான்.

அவர் முதலில் காட்டிய சாட்சி ஒரு தோல்வி. 1995 ஒக்டோபர் 16, சார்ஜா. பிரயன் லாரா 169 அடிக்க, மேற்கிந்தியத் தீவுகள் 333. ஒருநாள் ஆட்டத்தில் 300 என்பதே பெரிய தொகையாக இருந்த காலம். இலங்கை துரத்தியது. முன்வரிசை சரிந்த பிறகு ஹஷான் திலகரட்ன வாலைப் பிடித்துக்கொண்டு சதம் அடித்தார். 329 க்கு எல்லோரும் ஆட்டமிழந்து நாலு ஓட்டத்தால் தோற்றார்கள்.

மாமா அதை யாழ்ப்பாணத்தில் இருந்து கேட்டவர். மின்சாரம் வருடக்கணக்காக இல்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் இருந்து வயர் இழுத்து ரேடியோ. "சுத்துறவன் களைச்சால் திலகரட்னவும் களைச்சுப் போவான்" என்றார். "கடைசி ரெண்டு ஓவரும் நான்தான் சுத்தினனான். 333 ஐத் துரத்தேக்க ஒருத்தனும் பயப்பிடேல்லை, பாத்தியோ? முந்தி எண்டால் 180 ஓட படுத்திருப்பாங்கள்." சில நாள் கழித்து அதே மேற்கிந்தியத் தீவுகளை இறுதியாட்டத்தில் வென்று கிண்ணத்தை எடுத்தார்கள். அதையும் அவர் சொன்னார். ஆனால் அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் திரும்பித் திரும்பிப் பேசியது அந்தத் தோல்வியைத்தான்.

அதற்கு முந்திய மாதம் பாகிஸ்தானில், முதல் டெஸ்டை இன்னிங்ஸ் தோல்வியாக விட்டுக்கொடுத்து, அடுத்த இரண்டையும் வென்று தொடரை எடுத்தார்கள். ஒருநாள் தொடரும் 2-1. அதே ஆண்டு மார்ச்சில் நேப்பியரில் சமிந்த வாஸ் பத்து விக்கெட் எடுக்க, நியூசிலாந்து மண்ணில் முதலாவது வெளிநாட்டு டெஸ்ட் வெற்றி. ஜூலையில் லோர்ட்ஸ் மைதானத்தில் கென்ட் அணிக்காக அரவிந்த ஒரு கிண்ண இறுதியாட்டத்தில் 112. இத்தனையும் ஒரே வருடத்தில். பேப்பரில் எல்லாம் வந்ததுதான். தனித்தனிச் செய்தியாக வந்தது, சேர்த்து வாசிக்க எங்களுக்குத் தோன்றவில்லை.

ஒருநாள் சோறு ஆன பிறகு அம்மா புளி கரைத்து எறிய வைத்திருந்த கொட்டைகளை மாமா எடுத்துவந்து மேசையில் கொட்டினார். சாப்பாட்டுத் தட்டின் விளிம்பு உள்வட்டம். மேசை விளிம்பு எல்லைக்கோடு.

"முதல் பதினைஞ்சு ஓவருக்கு வெளியில நிக்கிறது ரெண்டே பேர். மிச்சம் எல்லாம் தட்டுக்குள்ள." கொட்டைகளைத் தட்டுக்குள் தள்ளினார். "மேலால தூக்கி அடிச்சால் பிடிக்க ஆளில்லை. ஆனால் எல்லாரும் என்ன செய்யிறாங்கள்? விக்கெட்டைக் காப்பாத்தி வைச்சு, கடைசிப் பத்தில அடிக்கிறாங்கள். கடைசிப் பத்தில அஞ்சு பேர் வெளியில நிப்பாங்கள்." கொட்டைகளை மேசை விளிம்புக்கு இழுத்தார். "அதுவும் எங்கட பக்கத்து விக்கெட்டில பந்து பழசானால் நிண்டு நிண்டு வரும். புதுப் பந்துதான் மட்டைக்கு வரும். எப்ப அடிக்கிறது புத்தி?"

இந்த யோசனை இலங்கையின் சொந்தச் சரக்கு இல்லை. 1992 இல் நியூசிலாந்துக்காக மார்க் கிரேட்பட்ச் இதைச் செய்தார். ஆனால் அவர் ஒருவர்தான். அணித்தலைவர் ரணதுங்கவும் பயிற்றுவிப்பாளர் டேவ் வட்மோரும் இரண்டு முனையிலும் அடிக்கிறவர்களை வைத்தார்கள். வட்மோர் கொழும்பில் பிறந்து அவுஸ்திரேலியாவுக்கு டெஸ்ட் விளையாடியவர்; இரண்டு பக்கத்தையும் தெரிந்த மனிதர். சனத் ஜயசூரிய அதுவரை பந்துவீச்சாளராகத்தான் கூடுதலாக அறியப்பட்டவர். 1993 இல் மொரட்டுவையில் இங்கிலாந்துக்கு எதிராக 29 ஓட்டத்துக்கு ஆறு விக்கெட் எடுத்த மாத்தறைக்காரர். அவர் போனாலும், களுவிதாரண போனாலும், இருவரும் சேர்ந்தே போனாலும் அணி கவலைப்படத் தேவையில்லை என்பதுதான் திட்டத்தின் கரு. ஏனென்றால் பின்னால் அசங்க குருசிங்க, அரவிந்த, ரணதுங்க, திலகரட்ன, மஹாநாம. ஏழாம் இடத்தில் ரொஷான் மஹாநாம வருகிற அணி அன்றைக்கு வேறு எது? எட்டாவதாக வரும் குமார் தர்மசேனவும் மட்டை பிடிப்பார்.

"உவங்கள் ரெண்டு பேரும் அடிக்கிறது காசு வைச்சு ஆடுற மாதிரி" என்றார் மாமா. "ஆனால் வீட்டுக் காசை வைச்சு ஆடேல்லை. அதுதான் வித்தியாசம்."

குறையும் சொன்னார். வேகப்பந்தில் வாஸைத் தவிர ஆளில்லை. விக்கிரமசிங்க உழைப்பாளி, புஷ்பகுமார எந்தப் பக்கம் போடுவார் என்று அவருக்கே தெரியாது. ரணதுங்கவின் வயிறு. அவர் ஓட்டம் எடுப்பதில்லை, நடந்து எடுக்கிறார். அப்பா இந்த இடத்தில் மட்டும் பேப்பருக்குப் பின்னால் இருந்து சிரித்தார். ஆனால் அந்த நடைக்குள் ஒரு கெட்டித்தனம் இருந்தது: எதிரணியின் களத்தடுப்பை எரிச்சல்படுத்தி, இல்லாத இடைவெளியில் ஒரு ஓட்டத்தைத் திருடிக்கொண்டு, கடைசி வரை நின்றுவிடுவார்.

மாமாவின் கண்ணுக்குப் பட்ட உண்மையான பலம் வேறொன்று. ஒரு நாள் இரவு நான்கு கொட்டையைத் தனியாக எடுத்துக் கோப்பையில் போட்டார். முரளி, தர்மசேன, ஜயசூரிய, அரவிந்த. "பதினைஞ்சாவது ஓவருக்குப் பிறகு இந்த நாலு பேரும் போடுவாங்கள். எதிராளி வேகம் கேட்பான், உவங்கள் வேகம் குடுக்க மாட்டாங்கள். அடிக்கிறதெண்டால் தன்ரை பலத்தில அடிக்க வேணும். உலகக் கிண்ணம் நடக்கிறது பெர்த்திலயோ? இல்லையே." சுழற்பந்து வீசியவர் என்பதால் தன் கட்சிக்குப் பேசுகிறார் என்று நினைத்தேன்.

முரளி. அந்தப் பெயரில் வந்து நிற்காமல் அந்த மாதம் எங்கள் வீட்டில் எந்தப் பேச்சும் முடிந்ததில்லை. 1995 டிசெம்பர் 26, மெல்பேர்ன் டெஸ்ட்: நடுவர் டரல் ஹெயர் மூன்று ஓவர்களில் ஏழு தடவை அவரை 'நோ போல்' என்றார், பந்தை எறிகிறார் என்று. ஜனவரி 5, பிரிஸ்பேனில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிரான ஒருநாள் போட்டியில் ரொஸ் எமர்சன் என்ற நடுவரும் அதையே செய்தார். முரளி கடைசியில் லெக் பிரேக் போட்டுப் பார்த்தார். அதற்கும் நோ போல். அந்த விதமான பந்தை எறிவது எவ்வளவு கஷ்டம் என்று மாமா ஒரு தோடம்பழத்தை வைத்துக் காட்டினார், பழம் அலுமாரிக்குக் கீழே உருண்டு போயிற்று. அதற்கு முன் பெர்த் டெஸ்டில் பந்தைச் சேதப்படுத்தினார்கள் என்று ஒரு குற்றச்சாட்டு, பிறகு அது தவறென்று மீளப்பெறப்பட்டது. முத்தரப்புத் தொடரின் இறுதியாட்டங்கள் இரண்டிலும் தோற்று, கடைசியில் அவுஸ்திரேலியர்களோடு கைகுலுக்காமல் வந்தார்கள். கோபத்தோடு வந்த அணி என்பது தூரத்தில் இருந்தே தெரிந்தது.

எங்களுக்கோ அதில் ஒரு சிக்கல். நடுவர் கை நீட்டியபோது அவமானப்பட்டது ஒரு தமிழன் என்று என் நெஞ்சு சொன்னது. ஆனால் முரளிக்காகத் தெருவெல்லாம் கொதித்தவர்களில் பெரும்பான்மை சிங்களவர். பஸ்ஸில் என் அடையாள அட்டையை இரண்டு தரம் திருப்பிப் பார்க்கிறவர், தேநீர்க்கடையில் முரளிக்காக ஹெயரைத் திட்டிக்கொண்டிருப்பார். இதை எந்தப் பெட்டியில் போடுவது என்று பதினாலு வயதில் எனக்குத் தெரியவில்லை. இன்றும் தெரிந்ததாகச் சொல்ல மாட்டேன்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். முரளி கண்டிக்காரர். பாட்டனார் தேயிலைத் தோட்ட வேலைக்காக இந்தியாவில் இருந்து வந்தவர், தகப்பன் பிஸ்கட் தொழில் செய்தவர். யாழ்ப்பாணத்தார் மலையகத்துச் சனத்தை எந்தக் காலத்தில் தங்கள் பந்தியில் இருத்தினார்கள்? பந்து நன்றாகச் சுழன்ற பிறகு அவர் 'எங்கட பெடியன்' ஆகிவிட்டார். மாமாவும் அப்படித்தான் சொன்னார். நானும்தான்.

ஜனவரி 31, புதன்கிழமை. காலை. நான் வகுப்பில் இருந்தேன், யன்னல் கண்ணாடி அதிர்ந்தது. கொழும்புக் கோட்டையில் மத்திய வங்கியில் குண்டு. 90 பேரளவில் செத்தார்கள், காயம்பட்டோர் ஆயிரத்துக்கு மேல். பள்ளிக்கூடத்தை மூடி அனுப்பினார்கள். தமிழ்ப் பெடியள் நாங்கள் நாலைந்து பேர் காலி வீதியால் வராமல், கதைக்காமல், ரயில் பாதையோரமாக நடந்து வந்தோம். அன்றிரவு வீடு வீடாக வந்தார்கள். வடக்கிலிருந்து புதிதாக வந்த ஆள், பொலிஸில் பதிவு செய்த துண்டு கையில் இருந்தும் மாமாவைக் கொண்டுபோனார்கள். இரண்டு இரவு வைத்திருந்துவிட்டு விட்டார்கள். வந்து குளித்தார், ஒரு முழு நாள் படுத்தார். என்ன நடந்தது என்று யாரும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் நான் ஒரு கொட்டையை எடுத்து மேசையில் வைத்தேன். அவர் அதைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

அப்போதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டேன். வெல்லுவாங்களோ என்பதை அல்ல. "மாமா, நாங்கள் உவங்கள் வெல்ல வேணுமெண்டு நினைக்கலாமோ?"

அப்பா அறைக்குள் போய்விட்டார். மாமா கொட்டையை எடுத்துத் தட்டின் விளிம்புக்கு வெளியே வைத்தார். "இதில ஒருத்தன் நிக்க வேணும். டீப் ஸ்குவெயர் லெக். இல்லாட்டி ஜயசூரிய சும்மா தூக்கிப் போடுவான்" என்றார்.

அதுதான் பதில். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

குண்டுக்குப் பிறகு அவுஸ்திரேலியாவும் மேற்கிந்தியத் தீவுகளும் கொழும்புக்கு வரமாட்டோம் என்றன. பெப்ரவரி 17 ஆட்டமும் 25 ஆட்டமும் இல்லை. ஆளுக்கு இரண்டாக நாலு புள்ளி இலங்கைக்கு வந்து சேரும். ஆட்கள் அதைக் கேவலமாகப் பார்த்தார்கள், மாமா நன்றாகவே யோசித்தார். நாலு புள்ளி முன்கூட்டியே பைக்குள் என்றால், மிச்சம் சிம்பாப்வே, கென்யா, இந்தியா. இரண்டை வென்றாலே காலிறுதி நிச்சயம். மூன்றையும் வென்றால் குழுவில் முதலிடம், மறுகுழுவின் நாலாம் அணியோடு காலிறுதி. "ஆனால் ஒண்டு, கடினமான ஆட்டம் ஆடாமல் காலிறுதிக்குப் போறது நல்லதில்லை. அதால இந்தியாவோட ஆடுறதுதான் பரீட்சை. டெல்லியில." அவர் சொன்ன இந்தக் கணக்கு அப்படியே நடந்தது என்பதில் அவருடைய கெட்டித்தனம் பாதி, அந்த நாலு புள்ளி பாதி. 96 ஐப் பற்றிப் பேசுகிறவர்கள் அந்த நாலு புள்ளியை மறந்துவிடுகிறார்கள். எனக்கு மறக்கவில்லை, அது எந்த விலைக்கு வந்தது என்பதும் மறக்கவில்லை.

பெப்ரவரி 13, கொழும்பு கெத்தாராம மைதானத்தில் ஓர் ஆட்டம் நடந்தது. கொழும்பில் விளையாடலாம் என்று காட்ட, இந்தியாவும் பாகிஸ்தானும் சேர்ந்து ஒரே அணியாக வந்தன, அசாருதீன் தலைவர். 40 ஓவர். வசீம் அக்ரமின் பந்தில் களுவிதாரண கொடுத்த பிடியை டெண்டுல்கர் எடுத்தார். அக்ரம் ஓடிவந்து டெண்டுல்கரைக் கட்டிப்பிடிப்பதை நாங்கள் வேறெங்கே பார்த்திருக்கிறோம்? இலங்கை தோற்றது. யாருக்கும் கவலை இல்லை. மாமா தொலைக்காட்சிக்கு மிகக் கிட்ட இருந்து பார்த்தார். ஆட்டம் முடிந்ததும், "அரையிறுதி" என்றார். "அரையிறுதி வரைக்கும் போவாங்கள். அதில இந்தியா வந்தால் சனம் விடாது. இல்லையெண்டால் இறுதி." நான் முதல் சுற்றோடு முடியும் என்று பந்தயம் கட்டினேன், ஐந்து ரூபாய்.

இரண்டு நாள் கழித்து ஏஜென்சிக்காரனின் தொலைபேசி வந்தது. ஒரு சின்னப் பை, இரண்டு சேட்டு, அம்மா கட்டிக் கொடுத்த பருத்தித்துறை வடை. விடியற்காலை போய்விட்டார். பெப்ரவரி 21 இல் சிம்பாப்வேயை இலங்கை வென்ற நாளில் அவர் எந்த நாட்டில் இருந்தார் என்று எங்களுக்குத் தெரியாது.

மிச்சக் கதையை எல்லோரும் அறிவீர்கள். ஆனால் எண்களை ஒருமுறை பாருங்கள். டெல்லியில் இந்தியாவின் 271 ஐத் துரத்தும்போது முதல் மூன்று ஓவர்களில் 42. நாடே பேசியது அதைத்தான். களுவிதாரண அந்த உலகக் கிண்ணம் முழுவதும் ஆறு ஆட்டத்தில் எடுத்தது 73 ஓட்டங்கள். 0, 26, 33, 8, 0, 6. ஜயசூரிய 221; அதில் 161, டெல்லியிலும், பைசலாபாத்தில் இங்கிலாந்துக்கு எதிராகவும் அடித்த இரண்டு ஆட்டங்களில். ஈடன் கார்டன்ஸ் அரையிறுதியில் இருவரும் முதல் ஓவரிலேயே போனார்கள், லாகூர் இறுதியில் இருவரும் சேர்ந்து 15. அரவிந்த 448, குருசிங்க 307. எதிரணிகளைப் பயமுறுத்தியது தொடக்கம்; கிண்ணத்தை வென்றது தட்டுக்கும் மேசை விளிம்புக்கும் இடையில் மாமா அடுக்கிய மற்றவர்கள். மருமகனுக்கு இதைத்தான் எழுதினேன். நீங்கள் இன்றைக்குத் தேடிக்கொண்டிருப்பது களுவிதாரணவை, இல்லாதது குருசிங்க. அவன் ஒரு பெருவிரல் படம் அனுப்பினான், வாசித்தானோ தெரியாது.

மாமாவிடமிருந்து தொலைபேசி மார்ச் கடைசியில் வந்தது. இடையில் ஏதோ ஒரு நாடு, பத்துப் பேர் ஓர் அறைக்குள், வெளியே போகக்கூடாது, தொலைக்காட்சி இல்லை. கோடு இரைந்தது. அம்மா அழுதா, அப்பா காசு விபரம் கேட்டார். என்னிடம் தந்தார்கள்.

"அஞ்சு ரூபாவை எடுத்து வை" என்றார். வென்ற செய்தி எப்படியோ போயிருந்தது. பிறகு அவசரமாக, கார்ட் முடியப் போகிற ஆளின் அவசரத்தோடு, கேட்டார்: "இறுதியில அரவிந்த எத்தினை?"

"107, ஆட்டமிழக்கேல்லை."

"அது தெரியும். பந்து போட்டவனோ?"

"போட்டவர். மூண்டு விக்கெட். மார்க் டெய்லர், பொண்டிங், ஹீலி."

கோட்டில் இரைச்சல் மட்டும் கேட்டது. துண்டித்துவிட்டதாக்கும் என்று நினைத்து ரிசீவரைக் காதிலிருந்து எடுக்கப் போனேன்.

"நாலாவது கொட்டை" என்றார் மாமா.